கணிப்பொறிக்கு ஒரு குறிப்புச் சீட்டு

பள்ளி திறக்கும் நாட்களில் தையற்கடைக்குச் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். சீருடைத் துணியை வாங்கிக்கொண்ட தையற்காரர் தம்முடைய அளவு நோட்டைப் புரட்டுகிறார். வாடிக்கையாக வரும் வீட்டுப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே, கழுத்துச் சற்று ஏற்றம், கை கொஞ்சம் தளர்ச்சி, இடப்பக்கம் பை என்று அவரவர் விருப்பம் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அம்மா நின்று விளக்க வேண்டியதில்லை. "எப்போதும் போலத் தைத்துவிடுங்கள்" என்றால் போதும். "இந்த முறை மட்டும் கையை ஓர் அங்குலம் நீட்டிவிடுங்கள்" என்றால் அதுவும் நடக்கும். நோட்டில் உள்ளது அப்படியே இருக்கும்.

கணிப்பொறிக்கும் இப்படி ஓர் அளவு நோட்டு உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஆம், உண்டு! அதற்குக் 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்று பெயர். தமிழில் 'அமைவுக் கோப்பு' எனலாம். அது என்ன, எங்கே இருக்கிறது, அதில் யார் சொல் எடுபடும், அதை எழுதும்போது நாம் ஏன் கவனமாயிருக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஆணையிட்டு வேலை வாங்குதல்

கணிப்பொறி என்றதும் திரையில் உள்ள படங்களை மவுஸால் சுட்டி வேலை வாங்குவதே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் எழுத்துக்களைத் தட்டச்சு செய்து ஆணையிடும் முறை அதனினும் பழையது. நிரல் எழுதுவோர் இன்றும் அதனைக் கைவிடவில்லை. ஒரு வரியில் ஆணையை அடித்து 'என்டர்' விசையை அழுத்தினால் வேலை முடிந்துவிடும். இவ்வாறு இயங்கும் நிரல்களைக் 'கமாண்ட் லைன்' கருவிகள் என்பர்.

அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'கிட்'. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவை உலகின் பல நாடுகளிலிருந்தும் பலர் சேர்ந்து எழுதி வருகின்றனர். அவர்களுடைய வேலையை ஒழுங்குபடுத்துவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இக்கருவியை உருவாக்கினார். நாம் எழுதும் நிரலில் எந்த நாளில் என்ன மாற்றம் செய்தோம் என்பதை இது பதிவு செய்து வைக்கும். ஒவ்வொரு பதிவிலும் மாற்றியவரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, நாள், நேரம் ஆகியவை இடம்பெறும். தவறிப்போனால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியுண்டு.

'கிட் லாக்' என்று ஆணையிட்டால் பழைய பதிவுகள் வரிசையாகத் தோன்றும். (ஆணைகளை இங்கே தமிழெழுத்தில் தருகிறோம். கணிப்பொறியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துக்களையே பயன்படுத்த வேண்டும்.) ஒவ்வொரு பதிவின் கீழும் கிழமை, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, ஆண்டு என நீண்டதொரு வரி இருக்கும். நாள் மட்டும் போதும் என்று நினைத்தால், 'கிட் லாக் --டேட்=ஷார்ட்' என்று சேர்த்து அடிக்கலாம். ஆணையோடு சேர்த்துச் சொல்லும் இத்தகைய விருப்பத்தை 'ஆப்ஷன்' என்பர். அப்போது '2025-07-10' என்பது போலச் சுருக்கமாக வரும்.

ஒரு நாளைக்கு இருபது முறை பதிவுகளைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது முறையும் இந்த வாலைச் சேர்த்து அடித்துக்கொண்டிருக்க முடியுமா? இங்கேதான் அமைவுக் கோப்பு நமக்குக் கைகொடுக்கிறது.

கோப்பின் உருவம்

அமைவுக் கோப்பு மாயமந்திரம் எதுவுமில்லை. அது சாதாரண எழுத்துக்களால் ஆன கோப்பு. கிட் கருவியின் கோப்பைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய இவ்வாறிருக்கும்:

[யூசர்]
நேம் = உங்கள் பெயர்
ஈமெயில் = உங்கள் மின்னஞ்சல் முகவரி

[லாக்]
# நாள் மட்டும் தெரிந்தால் போதும்
டேட் = ஷார்ட்

சதுர அடைப்பிற்குள் இருப்பது பகுதியின் தலைப்பு. அதன் கீழே இடப்பக்கம் விருப்பத்தின் பெயர், வலப்பக்கம் அதன் மதிப்பு, இரண்டிற்கும் நடுவே சமக்குறி. '#' என்ற குறிக்குப் பின் வருவதைக் கருவி பொருட்படுத்தாது. அது மனிதர்களுக்காக மனிதர்கள் எழுதும் குறிப்பு.

கோப்பைத் திறக்காமலேயே அதில் எழுதவும் முடியும். 'கிட் கான்ஃபிக் --குளோபல் லாக்.டேட் ஷார்ட்' என்று ஆணையிட்டால் கருவியே அந்த வரியை எழுதிக்கொள்ளும். அதன் பிறகு வெறுமனே 'கிட் லாக்' என்றாலே சுருக்கமான நாள் தோன்றும். ஒருமுறை எழுதியது ஒவ்வொரு முறையும் நடக்கிறது!

மூன்று இடங்கள்

அமைவுக் கோப்பு ஒன்று மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கிட் கருவி முக்கியமாக மூன்று இடங்களில் தேடுகிறது.

முதலாவது, கணிப்பொறி முழுவதற்கும் பொதுவானது. இதற்கு 'சிஸ்டம்' என்று பெயர். அந்தக் கணிப்பொறியை யார் பயன்படுத்தினாலும் இது அவர்களுக்குப் பொருந்தும். லினக்ஸ் கணிப்பொறியில் இது பெரும்பாலும் 'ஈடிசி' என்னும் ஃபோல்டரில் இருக்கும். இதை மாற்றக் கணிப்பொறியின் பொறுப்பாளருக்கே உரிமையுண்டு.

இரண்டாவது, ஒரு பயனர் கணக்கிற்கு உரியது. அந்தக் கணக்கின் சொந்த ஃபோல்டரில் இருக்கும். இதனை 'குளோபல்' என்கின்றனர். உலகம் முழுவதற்கும் என்று பொருள்படும் சொல்லாயினும், அந்த ஒரு கணக்கை மட்டுமே இது கட்டுப்படுத்தும்.

மூன்றாவது, நாம் செய்யும் ஒரு வேலைக்கு மட்டும் உரியது. இதற்கு 'லோக்கல்' என்று பெயர். அந்த வேலைக்குரிய ஃபோல்டரின் உள்ளேயே இருக்கும்.

மூன்றிலும் ஒரே விருப்பத்திற்கு மூன்று விதமான மதிப்புகள் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்? கருவி முதலில் சிஸ்டம், அடுத்துக் குளோபல், அதன்பின் லோக்கல் என்ற வரிசையில் படிக்கிறது. கடைசியாகப் படித்ததையே மனத்தில் வைத்துக்கொள்கிறது. ஆகவே, வேலைக்கு மிக அருகில் இருப்பதன் சொல்லே வெல்கிறது. இம்மூன்றையும் மீற வேண்டுமானால், 'கிட்' என்ற சொல்லை அடுத்து '-சி' என்று போட்டு, விருப்பத்தையும் அதன் மதிப்பையும் ஆணை வரியிலேயே தரலாம். அந்த ஒரு முறைக்கு மட்டும் அது செல்லும். "இந்த முறை மட்டும் கையை நீட்டிவிடுங்கள்" என்று தையற்காரரிடம் வாயால் சொல்வது போன்றதே இது.

எல்லாக் கருவிகளும் இந்த வரிசையையே பின்பற்றும் என்று எண்ணிவிடலாகாது. தொலைவில் உள்ள கணிப்பொறியோடு பாதுகாப்பாகத் தொடர்பு கொள்ள உதவும் 'எஸ்எஸ்ஹெச்' என்னும் கருவியில் முறை தலைகீழானது. ஆணை வரி, பயனர் கோப்பு, பொதுக் கோப்பு என்ற வரிசையில் அது படிக்கிறது. பெரும்பாலான விருப்பங்களுக்கு முதலில் கிடைத்த மதிப்பையே பிடித்துக்கொள்கிறது. ஆகவே அதன் கோப்பில் குறிப்பிட்ட கணிப்பொறிக்கான விதிகளை மேலேயும், எல்லாவற்றிற்கும் பொதுவான விதிகளைக் கடைசியிலும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் பொதுவிதி முந்திக்கொள்ளும். எனவே எந்தக் கருவியானாலும் அதன் கையேட்டை ஒருமுறை படித்துவிடுவதே நலம்.

புள்ளி வைத்த பெயர்கள்

இக்கோப்புகளைத் தேடிச் செல்லும் தோழியர் பலர், "ஒன்றையும் காணோமே!" என்று திகைப்பதுண்டு. பயனர் கணக்கில் உள்ள அமைவுக் கோப்புகள் பலவற்றின் பெயர் ஒரு புள்ளியோடு தொடங்கும். 'புள்ளி கிட்கான்ஃபிக்', 'புள்ளி கர்ல்ஆர்சி', 'புள்ளி பேஷ்ஆர்சி' என்பன அத்தகையவை. லினக்ஸ் போன்ற தளங்களில், புள்ளியில் தொடங்கும் பெயர்கள் வழக்கமான பட்டியலில் தோன்றுவதில்லை. 'எல்எஸ் -ஏ' என்று ஆணையிட்டால்தான் தலைகாட்டும்.

இதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. யூனிக்ஸ் தளம் உருவான தொடக்க காலத்தில், ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'இந்த இடம்' என்பதைக் குறிக்க ஒரு புள்ளியும், 'மேலே உள்ள இடம்' என்பதைக் குறிக்க இரண்டு புள்ளிகளும் பெயர்களாக இருந்தன. பட்டியலில் இவ்விரண்டையும் காட்டாமல் விடவேண்டும் என்பதற்காக, முதலெழுத்துப் புள்ளியா என்று மட்டும் பார்த்து ஒதுக்கும்படி எளிதாக எழுதிவிட்டனர். அதனால் புள்ளியில் தொடங்கிய எல்லாப் பெயர்களுமே மறைந்துபோயின! யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் இதனை 2012ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். அவசரத்தில் எழுதிய ஒரு வரி, ஐம்பது ஆண்டுகளாக உலகத்தின் வழக்கமாகிவிட்டது பாருங்கள்.

பெயரின் முடிவில் வரும் 'ஆர்சி' என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1960களில் இயங்கிய 'சிடிஎஸ்எஸ்' என்னும் அமைப்பில், பல ஆணைகளை ஒரு கோப்பில் எழுதி மொத்தமாக நிறைவேற்றும் 'ரன்காம்' என்ற வசதி இருந்தது. 'ஆணைகளை ஓட்டு' என்பது அதன் பொருள். அப்பெயரின் சுருக்கமே 'ஆர்சி'.

யாருடைய பெயர்?

இதுவரை கூறியது வசதியைப் பற்றியது. இனிக் கூறப்போவது நீதியைப் பற்றியது. தோழியர் இப்பகுதியைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம்.

ஒரு பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கணிப்பொறியைப் பல மாணவியர் முறை வைத்துப் பயன்படுத்துகின்றனர். எல்லோருக்கும் ஒரே பயனர் கணக்கு. காலையில் வந்த ஒரு மாணவி, தான் படித்த பாடத்தில் கண்டபடியே, '--குளோபல்' என்று போட்டுத் தன் பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டுச் செல்கிறாள். பிற்பகலில் இன்னொருத்தி வருகிறாள். பல வாரங்கள் உழைத்து ஒரு நிரலை எழுதிப் பதிவு செய்கிறாள். பெயர் எழுதப்படாமல் இருந்திருந்தால் கருவி ஒருவேளை, "நீ யார்?" என்று கேட்டிருக்கும். இங்கேதான் ஒரு பெயர் முன்னமே இருக்கிறதே! ஆகவே அது ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாமவளின் பதிவுகள் அனைத்திலும் முதலாமவளின் பெயரே ஏறிவிடுகிறது.

உழைத்தவள் ஒருத்தி, பெயர் பெற்றவள் மற்றொருத்தி. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவுமில்லை. ஆயினும் ஏடு பொய்யாகிவிட்டது. மதிப்பெண் இட வரும் ஆசிரியை அந்த ஏட்டைத்தானே நம்புவார்? "இது என் வேலை" என்று சொல்லும் மாணவியிடம் அதற்குச் சான்று ஏது?

கடைசிப் பதிவில் மட்டும் பெயர் தவறியிருந்தால், சரியான பெயரை எழுதிவிட்டு, 'கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆதர்' என்ற ஆணையால் திருத்தலாம். பழைய பதிவுகள் பலவற்றைத் திருத்துவது எளிதன்று. அவற்றையும் அவற்றின்பின் வந்த எல்லாப் பதிவுகளையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். ஆகவே வெள்ளம் வருமுன் அணைபோடுவதே அறிவு. அதற்கு மூன்று வழிகளைக் கூறுவோம்.

ஒன்று: பொதுக் கணக்கில் '--குளோபல்' என்று போட்டுப் பெயரை எழுதக் கூடாது. தன் வேலைக்குரிய ஃபோல்டருக்குள் சென்று, அச்சொல்லை விட்டுவிட்டு, 'கிட் கான்ஃபிக் யூசர்.நேம்' என்று அடித்துப் பெயரைத் தர வேண்டும். முகவரியையும் அவ்வாறே தர வேண்டும். அது லோக்கல் கோப்பில் மட்டும் பதியும். வேலையை வேறு கணிப்பொறிக்கு 'குளோன்' செய்து எடுத்துச் சென்றால் இக்கோப்பு உடன் வராது. அங்கே மறுபடியும் பெயர் எழுத வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இரண்டு: கணிப்பொறிக் கூடத்தின் பொறுப்பாளர், 'யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி' என்ற விருப்பத்திற்கு 'ட்ரூ' என்ற மதிப்பைச் சிஸ்டம் கோப்பில் எழுதி வைக்கலாம். இல்லையேல் சில வேளைகளில் கருவி, கணக்கின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் கொண்டு தானே ஒன்றை ஊகித்து எழுதிவிடும். இவ்விருப்பத்தை எழுதிவிட்டால் ஊகம் செய்யாது. பெயர் எழுதாதவளின் பதிவை ஏற்காமல் நிறுத்திவிடும். ஆனால் குளோபல் கோப்பில் முன்னவள் பெயர் கிடந்தால் இதனால் பயனில்லை. அதை முதலில் '--அன்செட்' கொண்டு நீக்கிவிட வேண்டும்.

மூன்று: வேலையைத் தொடங்குமுன், 'கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்' என்று அடித்துப் பாருங்கள். எந்த விருப்பம் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று வரிக்கு வரி காட்டிவிடும். அரை நிமிட வேலை. அதனால் எத்தனையோ மனத்தாங்கல்களைத் தவிர்க்கலாம்.

பெற்றோரும் கவனிக்க வேண்டியது

அமைவுக் கோப்பில் எழுதும் மின்னஞ்சல் முகவரி ஒவ்வொரு பதிவிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்த வேலையை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால் முகவரியும் வெளியாகிவிடும். பிள்ளைகள் சொந்த முகவரியைத் தர வேண்டிய அவசியமில்லை. 'கிட்ஹப்' போன்ற தளங்கள், கணக்கு வைத்திருப்போருக்கு இதற்கென்றே ஒரு மாற்று முகவரி தருகின்றன. அதை எழுதினால் போதும்.

கடவுச்சொல்லை அமைவுக் கோப்பில் எழுதவே கூடாது. அது திறந்த ஏடு. கணக்கிற்குள் வரும் யாரும் படித்துவிடலாம்.

இன்னொன்று. அமைவுக் கோப்பில் சில விருப்பங்கள், "இந்த நேரத்தில் இந்த நிரலை இயக்கு" என்று சொல்லும் வல்லமை உடையவை. ஆகையால் பிறர் எழுதிய அமைவுக் கோப்பை நம் கருவி படிக்கிறது என்றால், பிறர் ஆணைக்கு நம் கணிப்பொறி கீழ்ப்படிகிறது என்று பொருள். பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் இதனால் தீங்கு விளையக்கூடும் என்பது தெரியவரவே, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் கிட் கருவியை மாற்றி அமைத்தனர். அதன்படி, வேலைக்குரிய ஃபோல்டர் வேறொரு பயனருக்குச் சொந்தமாயிருந்தால் கருவி அதில் வேலை செய்ய மறுத்துவிடும். நாமே அதை நம்பி, 'சேஃப்.டைரக்டரி' என்ற பட்டியலில் சேர்த்தால்தான் இணங்கும். அப்படி மறுப்பு வரும்போது, காரணம் அறியாமல் எல்லா இடங்களையும் அப்பட்டியலில் சேர்த்துவிடுவது, பூட்டு இறுக்கமாக இருக்கிறதென்று கதவையே கழற்றி வைப்பது போலாகும்.

சில நற்பழக்கங்கள்

வேண்டிய விருப்பங்களை மட்டும் எழுதுங்கள். யாரோ எழுதிய நீண்ட கோப்பை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். ஒவ்வொரு வரியின் மேலும் '#' குறியிட்டு, அதை ஏன் எழுதினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அக்காரணம் நமக்கே மறந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கோப்பைத் திறந்து பாருங்கள். வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் அளவு பொருந்தாதது போல, பழைய விருப்பமும் சில வேளை பொருந்தாமற் போகும். கருவி எதிர்பாராத விதமாக நடந்துகொண்டால் அதைக் குறை கூறுமுன், மறந்துபோன ஏதேனும் ஒரு வரி அதற்கு ஆணையிடுகிறதா என்று தேடுங்கள்.

முடிவுரை

அமைவுக் கோப்பு நாம் இல்லாதபோதும் நம் சார்பில் பேசுகிறது. ஆணை வரியில் சொன்ன சொல் அந்த நொடியோடு போய்விடும். கோப்பில் எழுதிய சொல்லோ, அடுத்து வந்து அமர்பவள் யாரென்று கேளாமல், அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே இருக்கும். ஆகவே எழுதுமுன், இது எனக்கு மட்டுமா, இந்த வேலைக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று ஒரு கணம் எண்ணி, அதற்குரிய இடத்தில் எழுதுவோம். நம் உழைப்பு நம் பெயரிலும், நம் தோழியின் உழைப்பு அவள் பெயரிலும் நிலைக்கட்டும்!

பத்தாம் வகுப்பு